எல்லையோர ஊர்கள் – 14: சாமானுக்கு மேட்டூர், காகிதத்துக்குக் கொள்ளேகால்

போன வாரம் பாலாற்றுப் பாலத்தில் நிறுத்தியிருந்தேன். தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டின் சோதனைச்சாவடிகளையும் கடந்தாயிற்று. இடது கைப்பக்கம் மாதேஸ்வரன் மலைக்கு ஏறும் கூட்டம் ஏறட்டும், நாம் கோபிநத்தத்துக்குப் போகிறோம் என்று சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆலம்பாடி மாடுகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகவும் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு ஆயா சொன்ன பதிலை எழுதியாக வேண்டும்.

இந்தத் தொடரில் எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "டவுனுக்குன்னா நீங்க எங்க போவீங்க?" ஓர் ஊரில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, ரேஷன் கடை இருக்கிறதா என்று எழுதிக்கொள்வது சுலபம். பிரசவ வலி வந்தால் வண்டி எந்தத் திசையில் திரும்புகிறது, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எந்த பஸ் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த ஊர் பிடிபடும். பதின்மூன்று ஊர்களில் கேட்டுவிட்டேன். எல்லா இடத்திலும் ஒரு பெயரைத்தான் சொன்னார்கள். கோபிநத்தத்தில் களத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்த ஆயா, காலால் ராகியைக் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டே திருப்பிக் கேட்டார்:

"எதுக்குப் போறதுன்னு சொல்லு தம்பி. சாமானுக்குன்னா மேட்டூரு. காகிதத்துக்குன்னா கொள்ளேகாலு."

இதைவிடச் சுருக்கமாக ஒரு எல்லையோர ஊரின் கதையை யாரும் சொல்லிவிட முடியாது. மருந்து, துணி, கதிர் அரிவாள், சொந்தபந்தம் எல்லாம் மேட்டூர், கொளத்தூர்ப் பக்கம். சாதிச் சான்றிதழ், நிலப் பதிவு, வழக்கு எல்லாம் மலை ஏறி இறங்கி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி. இப்போது ஹனூர் தனித் தாலுகா ஆகிவிட்டதால் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் ஆயாவின் வாயில் இன்னும் கொள்ளேகால்தான். வீட்டில் தமிழ், காகிதத்தில் கன்னடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டா, சிட்டா என்று சொல்வதற்கு இந்தப் பக்கம் பஹணி என்று பெயர்.

ஏன் இப்படி என்று தேடியபோது கிடைத்த விஷயம்தான் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆயாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். அவர் பிறந்தபோது இந்தக் களம் கோயம்புத்தூர் மாவட்டம். ஆமாம், கோயம்புத்தூர்! 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் மைசூர் ராஜ்யத்தைப் பங்கு போட்டபோது, கொள்ளேகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்கில் எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூரோடு சேர்ந்து அது சென்னை மாகாணமாயிற்று. 157 ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. தாலுகாவில் கன்னடம் பேசுகிறவர்கள் அதிகம், அதனால் அந்த முடிவில் நியாயம் இருந்தது. காவிரியை ஒட்டிய தமிழ் ஊர்கள் தாலுகாவோடு சேர்ந்து போயின. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆயா இந்தக் களத்தை விட்டு எங்கும் குடிபோகவில்லை. அவருக்கு மாநிலம் ஒரு முறை மாறியது, மாநிலத்தின் பெயர் ஒரு முறை மாறியது, மாவட்டம் இரண்டு முறை மாறியது, தாலுகா ஒரு முறை மாறியது. ராகி மட்டும் மாறவில்லை. ஆடியில் விதைத்து, கார்த்திகையில் அறுத்து, கல் இல்லாத இடமாகப் பார்த்துச் சாணி மெழுகிய களத்தில் அடித்து, மூங்கில் முறத்தில் புடைத்து, ராத்திரிக்குக் களி. மானாவாரி மண். மழை பெய்தால் உண்டு.

இங்கே பயிர் வைப்பதைவிடக் காப்பதுதான் பெரிய வேலை. நான்கு மரக்கால் நட்டு, மேலே தட்டி பரப்பி, அதற்கு மேல் ஒரு கூரை போட்டால் பரண். கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரைக்கும் வீட்டு ஆண்களுக்கு ராத்திரிப் படுக்கை அதில்தான். கையில் டார்ச் லைட், தட்ட ஒரு தகரம், ஒரு கட்டு வெடி. காட்டுப்பன்றி என்றால் தகரம் போதும். யானை என்றால் முதலில் பக்கத்துப் பரணுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு பரணிலிருந்து இன்னொரு பரணுக்கு அந்தக் குரல் போய்க்கொண்டே இருக்கும். டவுனில் இருக்கும் நாம் வசதி என்று எழுதும் பட்டியலில் இந்தக் குரலுக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று அன்று ராத்திரி தோன்றியது.

வசதி என்றதும் இந்த ஊரில் எல்லோரும் சொல்வது ஒரு மாரியம்மன் கோயிலை. அதைக் கட்டியவர் ஒரு வனத்துறை அதிகாரி. பி. ஸ்ரீநிவாஸ், ராஜமந்திரிக்காரர், தெலுங்கர். கோபிநத்தம் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குச் சந்தனக் கடத்தல் வீரப்பன் நினைவுக்கு வருகிறான். அவன் பிறந்த ஊர் இது. அவனைப் பிடிக்க வந்த ஸ்ரீநிவாஸ், ஊரோடு தங்குவதுதான் வழி என்று முடிவு செய்தார். இங்கேயே வந்து தங்கினார். ஊருக்கு மருத்துவ உதவி வந்து சேர ஏற்பாடு செய்தார், கோயிலை எழுப்பினார். 1991 நவம்பர் 10ஆம் தேதி, சரணடைகிறேன் என்று வீரப்பன் அனுப்பிய சொல்லை நம்பி ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்து போனவர் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த குடியரசு நாளில் கீர்த்தி சக்கர விருது அறிவிக்கப்பட்டது. அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் இன்றும் இங்கே உண்டு.

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநிவாஸுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ அதிகாரிகள் இந்த ஊருக்கு ஜீப்பில் வந்து ஜீப்பில் போயிருக்கிறார்கள். ராத்திரி தங்கியவரைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ராத்திரி தங்கியவருக்குத்தான் தண்ணீர் எந்த மாசத்தில் வற்றுகிறது, காய்ச்சல் வந்த குழந்தையை எத்தனை மைல் தூக்கிப் போகிறார்கள் என்பது தெரிகிறது. ஓர் ஊருக்கு அரசாங்கம் கொடுக்கக்கூடிய முதல் வசதி, அங்கேயே குடியிருக்கும் ஓர் ஆள். டாக்டராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், நர்சம்மாவாக இருக்கலாம். கட்டடம் அப்புறம்தான்.

ஸ்ரீநிவாஸுக்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்த மலைக்காட்டு ஊர்கள் இரு மாநில அதிரடிப்படைகளுக்கும் காட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை விசாரிக்க, 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவையே போட வேண்டி வந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது ஆயா ராகியைத் தள்ளுவதை நிறுத்தவில்லை, பதிலும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. 2004 அக்டோபர் 18ஆம் தேதி தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் வீரப்பனின் கதை முடிந்தது. இப்போது ஊர் அணைக்கட்டுப் பக்கம் கர்நாடக அரசின் சுற்றுலா முகாம் இருக்கிறது.

ஆயாவின் பேரன் டீ வாங்கி வந்து கொடுத்தான். "காவேரிக் கலாட்டா வந்தா என்ன செய்வீங்க?" என்று அவனிடம் கேட்டேன். 2016 செப்டம்பரில் இரு மாநில பஸ்களும் எல்லையோடு நின்றுபோனது எனக்கு நினைவிருந்தது.

"பாலாறு வரைக்கும் இந்த வண்டி, பாலத்துல நடை, அந்தப் பக்கம் அந்த வண்டிங்க" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கும் அப்படியேவா?"

"ஆஸ்பத்திரி மேட்டூர்ல தானுங்களே இருக்குது."

ஆயா அவனைக் கூப்பிட்டார். வெயில் இறங்குவதற்குள் ராகியைக் கூட்டி அள்ள வேண்டும். தார்ப்பாயின் ஒரு மூலையை அவன் பிடித்தான், ஒரு மூலையை நான் பிடித்தேன். களத்தோரம் கட்டியிருந்த மாட்டை, பின்னோக்கி வளைந்த அந்தக் கொம்பை, அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"ஆலம்பாடியா?" என்றேன்.

"பாதி" என்றார் ஆயா.

அந்தப் பாதிக்கு என்ன அர்த்தம் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)