சைவமா, அசைவமா? உடம்பு என்ன சொல்கிறது?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தேன். 365 படிகளையும் ஏறி இறங்கிய அலுப்பில் அடிவாரத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில், சித்தூர்ப் பக்கமிருந்து புஷ்பக் காவடி எடுத்து வந்த ஒரு குடும்பம். மருமகள் மடியில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை. ஒரு வயசு இருக்கும்.

"விரதம் முடிஞ்சதும் இவனுக்கு அவிச்ச முட்டை கொடுக்கலாமா அத்தை?"

"மனுஷ உடம்பே மாமிசத்துக்குப் படைச்சது இல்லேம்மா. நம்ம பல்லைப் பாரு, புலிப் பல்லா அது?" என்றார் மாமியார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை மட்டும்..." என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

மாமியார் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. புலிக்கும் பூனைக்கும் தாடை மேலும் கீழும்தான் அசையும். நமக்குப் பக்கவாட்டிலும் அசைந்து அரைக்கிறது. மாவுச் சத்தை உடைக்கும் பொருள் எச்சிலிலேயே இருக்கிறது. வெறும் சோற்றை நிதானமாக மென்று பாருங்கள், இனிக்கும். ஆனால் பசுவைப் போல நாலு அறை வயிறோ, 40 மீட்டர் நீளச் சிறுகுடலோ நமக்கு ஏது? நம்முடையது சுமார் 6 மீட்டர்தான். போதாததற்கு நாம் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். பல்லின் வேலையில் பாதியை அடுப்பும் அம்மியும் பார்த்துக்கொள்கின்றன. பல்லை வைத்து வழக்காடினால் தீர்ப்பே வராது. இரண்டையும் தின்று பிழைக்கிற உடம்பு இது.

வைட்டமின் சி-யைப் பூனை தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. நமக்கு அந்தச் சக்தி கிடையாது. காய், பழம் இல்லாமல் முடியாது. பி-12 விஷயம் நேர் எதிர். கீரை, பருப்பு எதிலும் அது இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதை ஆடு மாடுகளும் செய்வதில்லை! நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. பசுவின் வயிற்றில் அவை செய்வதுதான் பாலில் நமக்கு வருகிறது. 1948-ல்தான் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் பி-12 வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1, ஒரு முட்டையில் சுமார் அரை. ஆக, சுத்த சைவக்காரர்கள் பாலும் தயிருமாக இரண்டு மூன்று டம்ளராவது சாப்பிட வேண்டும். காபியில் காட்டிய பால் கணக்கில் சேராது! பால் கொடுக்கும் தாய்க்கு இது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கை கால் மரத்துப் போவது, ஓயாத அசதி என்றிருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அசைவ வீட்டுப் பெண்களே, நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் அசைவம்தான். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. காரணம் பல. நான் கண்ணால் பார்க்கிற ஒன்று: கறித் துண்டெல்லாம் அவருக்கும் பிள்ளைகளுக்கும்; சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்துப் பிசைந்து சாப்பிடுகிறவள் பெயருக்குத்தான் அசைவம். முதலில் உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள்.

மாமிசத்திலுள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். கீரை, கேழ்வரகு, பயறு இவற்றில் உள்ளது அப்படிச் சேராது. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ, ஒரு மூடி எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். நன்றாக வெந்திருக்க வேண்டும். முதலில் கொஞ்சமாகக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டாம் என்கிற வீட்டில் பாலும் தயிரும், பருப்பும் கீரையும் மசித்த சோறும் தினமும் தவறக் கூடாது.

இத்தனையும் கேட்ட மாமியார், "முட்டைக்குள்ள உயிர் இருக்குமே?" என்றார்.

"பண்ணை முட்டையில சேவல் சேர்றதில்லை, குஞ்சு பொரிக்காதும்மா" என்றேன்.

சற்று யோசித்தவர், "ஊருக்குப் போய்ச் சேரட்டும், விரதம் முடியற வரைக்கும் தயிர்ச் சோறு" என்றார். மருமகளும் தலையாட்டிக்கொண்டே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.