தேயிலைத் தொழிற்சாலைக்கு மறுவாழ்வு

பாழடைந்த தோட்டக் கட்டடத்தை இடிப்பதா, பழுதுபார்ப்பதா? பன்வில போன்ற மலைப்பகுதிகளில் இவ்வினா எழும்போது, கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையை நோக்குதல் நலம். 1925இல் எழுந்த அங்குள்ள நான்குமாடித் தேயிலைத் தொழிற்சாலை, பத்தாண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்தது. பின்னர் புதுப்பிக்கப்பெற்று, 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று.

பச்சைக் கொழுந்தை வாட்டக் காற்றோட்டம் வேண்டும். ஆதலின், இத்தகைய தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் வரிசை வரிசையாகச் சாளரங்கள் அமைத்தனர். அவற்றை அடைத்துவிடாது பேணினால், வெளிச்சமும் குளிர்காற்றும் செலவின்றியே கிட்டும். கூரையொழுக்கைத் தடுத்து, வடிகாலைச் செப்பனிட்டு, இரும்பைத் துருவினின்று காப்பதே முதற்பணி. புதிதாய்க் கட்ட வேண்டிய சீமெந்தும் இரும்பும் அதனால் மிச்சமாகும்.

ஆயினும், இயந்திரங்களை மட்டும் போற்றினாற் போதாது. கூடை சுமந்து மலையேறிய நம்மவர் வரலாறும் அச்சுவர்களுக்குள் இடம்பெறல் வேண்டும். கட்டடம் எஞ்சி, அதனை வாழவைத்தோர் மறக்கப்படின், அது பாதிச் சீரமைப்பே அன்றோ?