பிள்ளையின் ரிப்போர்ட்டில் பெரியவர் அளவு

வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்புக்கோ நெய்வேலிக்கோ பிள்ளையைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்து வரும் பெற்றோர், ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது தடித்த எழுத்தில் அச்சான எண்ணைத்தான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் 360 என்றிருக்கும். பக்கத்தில் ‘நார்மல் 40–130’ என்று போட்டிருக்கும். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று வீடே கலங்கிப்போகும். பெரும்பாலும் அந்தப் பையனுக்கு நோயே இருக்காது. அவன் வளர்கிறான், அவ்வளவுதான். அவன் எண்ணுக்குப் பக்கத்தில் பெரியவர்களின் அளவை அச்சிட்டதுதான் பிழை.

வளரும் எலும்பின் கணக்கு

அல்கலைன் பாஸ்பட்டேஸ் கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை. எலும்பைக் கட்டும் செல்களும் அதைச் சுரக்கின்றன. பிள்ளை வேகமாக உயரும் பருவத்தில் அது ஏறத்தான் செய்யும். கனடாவில் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனை முன்னின்று நடத்திய ‘கேலிபர்’ ஆய்வு, நலமாக இருக்கும் பிள்ளைகளின் ரத்தத்திலேயே இதை அளந்து பார்த்தது. 1 முதல் 9 வயது வரை 142–335. 10 முதல் 12 வரை 129–417. அதன்பின் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள்: 13, 14 வயதில் பையன்களுக்கு 116–468, பெண்களுக்கு 57–254. பெண்பிள்ளைகள் முந்திப் பூப்பெய்தி, முந்தி வளர்ந்து முடிப்பதால் வரும் வித்தியாசம் இது. ஒரே வகுப்பில் படிக்கும் அண்ணன் மகனுக்கும் தங்கை மகளுக்கும் ஒரே ‘நார்மல்’ பொருந்தாது.

பயமுறுத்தாத எண்

எனக்கு இதைவிடக் கவலை தருவது பாஸ்பேட். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5–4.5 மில்லிகிராம் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 4 முதல் 6 வரை வேண்டும். அந்தப் பிள்ளைக்கு 2.8 வந்தால், பெரியவர் அளவை வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சிறுநீரகம் பாஸ்பேட்டை வீணாக வெளியேற்றும் பரம்பரை ரிக்கெட்ஸ் நோய் இப்படித்தான் கைநழுவிப் போகிறது. கால் வளைந்துகொண்டே போகும். வெறும் வைட்டமின் டி கொடுத்து அதை நிறுத்த முடியாது.

அளவு எப்படிப் பிறக்கிறது

வயது, பால் எனப் பிரித்த ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 120 நலமானவர்களின் ரத்தத்தை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எல்லையாக வைப்பது உலக வழக்கம். ஆகவே நலமான நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேர் எல்லைக்கு வெளியில்தான் நிற்பார்கள். சுகமாக விளையாடும் பிள்ளையின் கையில் ஊசி குத்த எந்தத் தாய்க்கும் மனம் வராது என்பதால்தான் பிள்ளைகளின் அளவுகள் இவ்வளவு தாமதமாக வந்தன.

வைட்டமின் டி விஷயத்தில் இந்த முறையே செல்லாது. 2016–18இல் நம் நாட்டில் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 1–4 வயதினரில் 14 சதவீதம், 5–9 வயதினரில் 18, 10–19 வயதினரில் 24 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது. குறைபாடு இவ்வளவு பரவியிருக்கும் இடத்தில் பலருக்கும் இருப்பதை ‘நார்மல்’ என்றால், குறைபாட்டையே அளவுகோலாக்கியதாகிவிடும். அதனால் மருத்துவர்கள் எலும்புக்குப் பாதிப்பு தொடங்கும் அளவைப் பார்க்கிறார்கள்: மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 20க்கு மேல் போதுமானது.

புகை மறைக்கும் வெயில்

2002இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்று நம் நெய்வேலிப் பகுதிக்கும் பொருந்தக்கூடியது. மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி சராசரி 12.4, மாசு குறைவாக இருந்த குர்கான் குழந்தைகளுக்கு 27.1. தோலில் வைட்டமின் டியை உண்டாக்கும் வெயில் கதிரைக் காற்றிலுள்ள தூசும் புகையும் தடுத்துவிடுகின்றன. சுரங்கமும் அனல்மின் நிலையமும் அருகிலிருக்கும் வளையமாதேவி, கரிவெட்டி போன்ற ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படியோர் அளவீடு நடத்த வேண்டும்; அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

லேபிலும் மருத்துவரிடமும்

பிள்ளையின் வயதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். அச்சாகும் அளவு அந்த வயதுக்கும் அந்த லேப் மிஷினுக்கும் உரியதா என்று கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட சில குழந்தைகளுக்கு, சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆயிரங்களில் ஏறிச் சில மாதங்களில் தானே இறங்குவதும் உண்டு. மணிக்கட்டு தடிப்பது, இரண்டு வயது தாண்டியும் கால் வளைந்தே இருப்பது, நடை தாமதிப்பது, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது ஆகியவை இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் கடையில் நீங்களே வாங்கி வாராவாரம் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து.