ஊரிலிருந்து வருவோர்க்கு மும்பையில் மூன்று அதிசயங்கள்

கோடை விடுமுறை விட்டால் போதும், மும்பைத் தமிழர் வீடுகளில் விருந்தாளிக் கூட்டம்தான். பெட்டியும் பையும் முறுக்கு டின்னுமாக ஊரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை இந்தியாவின் நுழைவாயிலுக்கும், ஜூஹு கடற்கரைக்கும் அழைத்துப் போவது வழக்கம். ஆனால் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சிகள் மேற்கு ரயில் பாதையை ஒட்டியே இருக்கின்றன. தாராவிக்காரர்கள் மாஹிமில் வண்டி ஏறினால் ஒரே பகலில் மூன்றைப் பார்த்து விடலாம்.

சோறு மாறாத கதை

முதலில் சர்ச்கேட். பகல் பதினொன்றரை மணிக்கு நிலைய வாசலில் நின்றால் வெள்ளைக் குல்லாய்க்காரர்கள் நீண்ட மரத் தட்டுகளைத் தலையில் சுமந்து ஓடி வருவார்கள். தட்டு நிறைய சாப்பாட்டு டப்பாக்கள். அவர்கள்தான் டப்பாவாலாக்கள்.

"ஏலே, எல்லாம் ஒண்ணுபோலயில்லா இருக்கு! எவன் சோறு எவனுக்குன்னு எப்படிலே தெரியும்?" என்று நெல்லைப் பெரியவர் ஒருவர் பேரனிடம் கேட்டார். "மூடியில பாருங்க தாத்தா" என்றான் பேரன்.

மூடியில் வண்ணப் புள்ளியும் எண்ணும் எழுத்தும் இருக்கும். இறங்க வேண்டிய நிலையம், கட்டடம், மாடி எல்லாம் அதில் அடக்கம். 1890-இல் மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் 100 ஆட்களுடன் தொடங்கிய தொழில் இது. உச்சக் காலத்தில் சுமார் 5,000 பேர் நாள்தோறும் 2 லட்சம் டப்பாக்களைச் சுமந்தார்கள். 2003-இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் சர்ச்கேட்டுக்கே வந்து இவர்களைப் பார்த்தார். 2020-இல் கொரோனாவால் அலுவலகங்கள் மூடியதும் தொழில் நொடித்தது. இன்று ஆட்களும் குறைவு, டப்பாக்களும் குறைவு. பிள்ளைகளுக்கு இப்போதே காட்டி வைப்பது நல்லது.

கல் தொட்டிகளின் ஊர்

திரும்பும் வழியில் மகாலட்சுமியில் இறங்க வேண்டும். நிலையத்தை ஒட்டிய பாலத்தில் நின்று கீழே பார்த்தால் வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல். அதுதான் 1890-இல் கட்டப்பட்ட தோபி காட். ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் விரிப்பும் கொடிகளில் பல வண்ணத்தில் ஆடும். பின்னால் வானைத் தொடும் மாடிக் கட்டடங்கள். இங்கும் குறிதான் காவல். துணியில் இட்ட அடையாளத்தை வைத்தே உரியவரிடம் சேர்க்கிறார்கள்.

மறையும் பாதை

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹாஜி அலி தர்கா. 1431-இல் எழுந்தது. கடலுக்குள் பாறைத் திட்டில் நிற்கிறது. கரையிலிருந்து ஒரு நடைபாதை போகும். கடல் வற்றும்போது சாதி மத பேதமின்றி ஜனங்கள் நடந்து போவார்கள். கடல் ஏறினால் பாதையே மறைந்து விடும்! மீண்டும் நீர் வடிந்தால்தான் வழி. ஆகவே கடல் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் அலையோடு விளையாடக் கூடாது.

உயிர் முக்கியம்

இவற்றையெல்லாம் விட ஊர்க்காரர்களை மலைக்க வைப்பது மின்சார ரயில்தான். அரை நிமிடங்கூட நில்லாத வண்டியில் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்ப்பார்கள். வாசலில் தொங்கும் வாலிபர்களைப் பார்த்து, தாமும் தொங்கினால் என்ன என்று நம் பையன்களுக்கு ஆசை வரும். அங்கேதான் ஆபத்து. 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா அருகே எதிரெதிரே வந்த இரு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தனர். சிலர் மாண்டனர். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். தினமும் போய்வந்து பழகியவர்கள்.

எனவே விருந்தாளிகளோடு காலை பத்தரைக்கு மேல் கிளம்பி, மாலை ஐந்துக்குள் வீடு திரும்புவது உத்தமம். மகாலட்சுமியில் ஃபாஸ்ட் வண்டிகள் நிற்பதில்லை. பலகையில் 'எஸ்' எழுத்தைப் பார்த்து ஸ்லோ வண்டியில் ஏற வேண்டும். பெண்கள் தனிப் பெட்டியில் ஏறுவதானால் எந்த நிலையத்தில் இறங்குவது என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒருவர் ஏற, ஒருவர் நின்றுவிட்டால் ஓடிப் பிடிக்கக் கூடாது. அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும்.