குழாய்க்குள்ள குண்டு... மலைக்கு அந்தப் பக்கம் எதிரி!

ஆர்மின்னா கையில ரைஃபிள், முகத்துல கறுப்பு மை, உருண்டு புரண்டு ஓடணும்... சினிமா நமக்குச் சொன்னது இவ்வளவுதான். ஆனா, காலாட்படை பட்டாலியனுக்குள்ளேயே கணக்குப் போட்டுச் சண்டை போடுற ஒரு குரூப் இருக்கு. பேரு, மோர்ட்டார் பிளட்டூன்!

நம்ம ஊர்ப் பசங்க பலர் சேர்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. அங்கே முதல் பாடம் ரைஃபிள்தான். 81 மி.மீ. மோர்ட்டார், பட்டாலியனுக்குப் போன பிறகு ஆள் பார்த்துக் கொடுக்கிற வேலை.

பார்க்க ரொம்ப சிம்பிள். ஒரு குழாய், அடித்தட்டு, ரெண்டு கால் ஸ்டாண்ட். மொத்தம் சுமார் 40 கிலோ. பிரித்து ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாம். (குண்டுகள் தனி மூட்டை சாமி!) குண்டை மேலிருந்து நழுவவிட்டால், அடியில் உள்ள ஊசியில் இடித்து, வந்த வழியே சீறிப் பாயும். 1915-ல் இங்கிலாந்தின் வில்ஃப்ரட் ஸ்டோக்ஸ் கொடுத்த ஐடியா, இன்னும் பெரிசா மாறலை.

கஷ்டம் எங்கேன்னா, சுடுறவருக்கு எதிரி தெரியவே மாட்டான். முன்னால் பதுங்கியிருக்கும் ஃபயர் கன்ட்ரோலர், 'வலது 50, கூட்டு 200' என்கிற மாதிரி ரேடியோவில் திருத்தம் சொல்வார். குழாயை நிமிர்த்தினால் குண்டு கிட்டே விழும், சாய்த்தால் தூரம் போகும். ஆமா பாஸ், பிளஸ் ஒன்ல தூங்கினோமே, அதே புராஜக்டைல் மோஷன்! இங்கே வட்டத்துக்கு 360 டிகிரி இல்லை, 6400 மில். 10 மில் பிசகினால் 3000 மீட்டர் தள்ளி 30 மீட்டர் விலகும். அந்த இடத்தில் நம்ம ஆளுங்களே இருக்கலாம்.

அதைவிட பயங்கரம், குண்டை விட்டும் சத்தம் வராத நேரம். காத்திருந்து, குழாயை மெதுவாகச் சாய்க்க, இன்னொருத்தர் வாய்ப்பகுதியில் கையேந்தி அதைப் பிடிக்கணும். சத்தத்துல அதைக் கவனிக்காம அடுத்த குண்டைப் போட்டுட்டா? 2013-ல் அமெரிக்காவின் நெவாடாவில் பயிற்சியின்போது 60 மி.மீ. மோர்ட்டார் வெடித்து 7 மரைன் வீரர்கள் இறந்தார்கள். ஒரு குண்டு உள்ளே இருக்கும்போதே இன்னொன்றைப் போட்டதுதான் காரணம் என்றது விசாரணை.

அதனால்தான் நிஜ குண்டைத் தொடுவதற்கு முன்னால், டம்மி குண்டை வைத்தே இந்த டிரில்லைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். இருட்டிலும்!