உங்கள் கடையின் இணையதளம் செல்போனுக்குள் அடங்குகிறதா?

பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கடையின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. இரண்டு விரலால் பெரிதாக்கினால், விலை திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. என்ன செய்வீங்க? மூடிவிட்டு அடுத்த கடையைப் பார்ப்பீங்க. நீங்கள் தொழில் நடத்துபவர் என்றால், உங்கள் வாடிக்கையாளரும் அதைத்தான் செய்வார்.

இதற்குத் தீர்வு 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010-இல் சூட்டிய பெயர் இது. கணினிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு தளங்கள் தேவையில்லை. ஒரே தளம், திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கணினியில் அருகருகே தெரியும் பொருட்கள், போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

தேடலிலும் இதற்குப் பலன் உண்டு. போனில் தேடுபவர்களுக்கு முடிவுகளை வரிசைப்படுத்தும்போது, பக்கம் போனுக்கு ஏற்றதா என்பதையும் கூகுள் 2015 ஏப்ரல் முதல் கணக்கில் எடுக்கிறது.

உங்கள் தளத்தை இப்போதே போனில் திறந்து பாருங்கள்:

• பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா?
• பக்கவாட்டில் நகர்த்தாமலே முழு வரியும் தெரிகிறதா?
• போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா?
• பட்டன்கள் விரலுக்குப் போதுமான இடைவெளியோடு இருக்கின்றனவா?
• மொபைல் டேட்டாவில் சீக்கிரம் திறக்கிறதா?

ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், தளம் அமைத்தவரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். முக்கியமா, விலைப்பட்டியலைப் படமாக ஏற்றாதீங்க. படத்துக்குள் இருக்கும் எழுத்து திரைக்கேற்ப மாறாது, சுருங்கத்தான் செய்யும். எழுத்தாகவே போட்டால், கண் மங்கிய பெரியவரும் தானே படித்து ஆர்டர் கொடுப்பார்.