எஃப்8பி: மாருதி 800-ஐ இழுத்த மூன்று சிலிண்டர்

அம்பாசடரின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மாருதி 800-க்குள் குறுக்குவாட்டில் கிடந்த அந்தச் சின்ன எஞ்சின் ஒரு காரையே இழுத்துவிடும் என்று நம்புவது சிரமமாகத்தான் இருந்திருக்கும். அம்பாசடரில் 1489 சிசி, நான்கு சிலிண்டர். பிரீமியர் பத்மினியில் 1089 சிசி, அதிலும் நான்கு. 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வந்த புதிய காரில் 796 சிசி, மூன்றே சிலிண்டர். சுசூகி அதற்கு வைத்திருந்த பெயர் எஃப்8பி.

இந்த எஞ்சின் இந்தியாவுக்கென்று பிறந்ததல்ல. ஜப்பானில் சிறு கார்களுக்கு அப்போது 550 சிசி என்ற சட்ட வரம்பு இருந்தது. உள்நாட்டில் அந்த வரம்புக்குள் அடங்கும் எஞ்சினோடு ஆல்டோவை விற்ற சுசூகி, வரம்பில்லாத வெளிநாடுகளுக்கு அதே காரில் 796 சிசி எஞ்சினை வைத்து அனுப்பியது. அந்தக் கார்தான் இங்கே மாருதி 800 ஆனது. 1984-இல் வந்த மாருதி வேனுக்கும், அதாவது பின்னால் ஆம்னி என்று பெயர் மாறியதே அதற்கும், இதே எஞ்சின்தான். 1986-இல் 800-இன் உடல் மாறியது. எஞ்சின் மாறவில்லை. 2014 ஜனவரியில் 800-இன் தயாரிப்பு நிற்கும்வரை 796 சிசி என்ற எண்ணும் அப்படியே இருந்தது.

அளவுகளைப் பார்த்துவிடுவோம். சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஹெட்டின் மேலேயே ஒரு கேம் ஷாஃப்ட். அதைச் சுற்ற வைப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட். அழுத்த விகிதம் 8.7-க்கு 1. கார்புரேட்டர் வைத்த வண்டி நிமிடத்துக்கு 5000 சுற்றில் தரும் சக்தி 37 குதிரைத்திறன். முறுக்குவிசை 59 நியூட்டன் மீட்டர். அது 2500 சுற்றிலேயே கிடைத்துவிடும். நான்கு கியர், முன்சக்கர இழுவை.

37 குதிரை என்பது கேட்கக் குறைவு. ஆனால் காரின் எடை ஏறத்தாழ 650 கிலோதான். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 57 குதிரை வருகிறது. ஏறத்தாழ 50 குதிரையோடு 1100 கிலோவுக்கு மேல் சுமந்த அம்பாசடருக்கு 45-ஐ ஒட்டித்தான் வரும். சிக்னலில் பச்சை விழுந்ததும் 800 முந்திக்கொண்டு போன காரணம் இதுதான். முறுக்குவிசை குறைந்த சுற்றிலேயே கிடைப்பதால் நகர நெரிசலில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது.

மூன்று சிலிண்டருக்கே உரிய ஒரு குணம் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் 240 டிகிரி சுற்றும்போது ஒருமுறை தீப்பிடிக்கும், 1-3-2 என்ற வரிசையில். முன்கோடியும் பின்கோடியும் மாறிமாறி ஆட, எஞ்சின் நீளவாக்கில் அசையப் பார்க்கும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள எதிர்ச்சமன் ஷாஃப்ட் எதுவும் இதில் கிடையாது. எல்லாம் ரப்பர் மவுண்டிங்கின் தலையில்தான். ஆகவே ஐட்லிங்கில் ஸ்டீயரிங் அதிர்ந்தால், எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்படுவதற்கு முன் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்துத் தொய்ந்திருந்தால் மாற்றினாலே பாதி அதிர்வு அடங்கிவிடும். ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலும் இதே போல் குலுங்கும், இன்னும் மோசமாக. நான்கில் ஒன்று போனால் சமாளிக்கலாம். மூன்றில் ஒன்று போனால் மேடு ஏறாது.

இனி, இந்த எஞ்சினின் உண்மையான எதிரிக்கு வருகிறேன். அது சூடு. எஃப்8பி-யின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். எடை குறைந்ததற்கும், எஞ்சின் சீக்கிரம் பதமாவதற்கும் அலுமினியம்தான் காரணம். ஆனால் ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவான வெப்பத்தில் இரண்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட் இந்த வேறுபாட்டைச் சமாளிக்கும். தண்ணீர் குறைந்து, வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போன பிறகும் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

எவ்வளவு கோணினால் கெட்டது? லேத் பட்டறையில் ஹெட்டைக் கவிழ்த்து, அதன் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை நிறுத்திவைத்து, இடையில் ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். தலைமுடியின் தடிமன்கூட இல்லாத தகடு. அது நுழைந்துவிட்டால் ஹெட் வரம்பைத் தாண்டிவிட்டது. ஃபேஸிங் போட்டு முகத்தைச் சமன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் புது கேஸ்கெட்டை மட்டும் மாட்டி அனுப்பிய வண்டிகள் அதே குறையோடு மறுபடி பட்டறைக்கு வருவது ஊரறிந்த கதை. கேஸ்கெட் போனதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காது.

சூடேறக் காரணங்கள் பெரும்பாலும் சில்லறைச் சாமான்கள்தான். ரேடியேட்டர் மின்விசிறியை ஓட வைக்கும் வெப்ப ஸ்விட்ச் செத்துப்போகும். நெடுஞ்சாலையில் காற்றே குளிர்வித்துவிடுவதால் தெரியாது. நெரிசலில் நின்றால் முள் ஏறும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது. அழுத்தம் இருந்தால் 115 டிகிரியைத் தாண்டிக் கொதிக்க வேண்டிய தண்ணீர் 100-லேயே கொதித்து வெளியே தள்ளும். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுவது ஒரே பெல்ட். ஆகவே ஓட்டிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் பிரச்சினைதானே என்று தொடர்ந்து போகக் கூடாது. பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீரும் சுற்றவில்லை என்று அர்த்தம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தை இங்கே கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துவைத்து எஞ்சினைச் சீக்கிரம் பதமாக்குவது அதன் வேலை. அது இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். சோக்கை இழுத்துவைத்தே ஓட்ட வேண்டிவரும்; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும்; ரிங்கும் போரும் தேயும். மைலேஜும் விழும். உறைவதில்லையே என்று கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுவதும் இதே ரகம். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் சுருங்கும், அலுமினியம் அரிக்கும். கூலன்ட்டின் வேலை உறைவதைத் தடுப்பதோடு முடிவதில்லை. கொதிநிலையை உயர்த்துவதும், துரு பிடிக்காமல் காப்பதும் அதுதான்.

கார்புரேட்டரும் பற்றவைப்பும் தரும் தொல்லை அடிக்கடி வரும், ஆனால் ஆபத்தில்லாதது. சென்னையை அடுத்த மறைமலை நகரிலிருந்து யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனி தொழில்நுட்பத்தில் செய்து கொடுத்த கார்புரேட்டர் நன்றாகவே உழைத்தது. தூசி போய் ஐட்லிங் ஜெட் அடைத்தால் சிக்னலில் வண்டி அணையும். சோக் முழுதாகத் திறக்காவிட்டால் கறுப்புப் புகை வரும். பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தேய்ந்து, 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி மாறி, பிக்கப் போய்விடும். 2000-ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகியபோது கார்புரேட்டரின் இடத்துக்கு எம்பிஎஃப்ஐ என்ற எரிபொருள் பீய்ச்சும் முறை வந்து இந்தத் தொல்லைகளில் பலவற்றை ஒழித்தது. சென்சார் கோளாறு என்ற புதிய வகையைக் கொண்டும் வந்தது.

டைமிங் பெல்ட்டைப் பற்றி ஒன்று மட்டும். அது அறுவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்காது. ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் எண்ணெய் பட்டால், கிலோமீட்டர் கணக்கு எதுவானாலும் மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று நாடெங்கும் கிடைக்கிறது. கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாய், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல; அவை ஊறும், பிறகு வெடிக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும்; கார்புரேட்டருக்கு அதைத் தானே உணர்ந்து சரிசெய்யத் தெரியாது. எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் கசிவது தீ விபத்துக்கான வழி. ஆகவே பழைய குழாய்களை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய 800 ஒன்றை வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தையும், ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கணம் நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீல். அது சிறு செலவு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் வேலை. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்பது. இல்லையென்றால் முதல் வேலையாக ஒன்று வாங்கி மாட்டுங்கள், கூலன்ட்டையும் கையேடு சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள்.